கோடு விழுந்த திரை

கரண்டு அக்காவுக்கு அன்றைக்கு இருந்த ஒரே வேலை வாயை மூடிக்கொண்டு இருப்பது. அவளைத் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அது ஆகிற காரியமா என்று. அந்தக் கீழ்த்தளத்து ரிப்பேர்க் கடைகளில் அவளுக்குக் 'கரண்டு' என்று பேர் வந்ததே, தொட்டால் அடிக்கும் என்பதால்தான். போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு 'தானா ஆஃப் ஆயிடுச்சு' என்று புளுகிக்கொண்டு வருகிறவனை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவள் இன்றைக்குத் தங்கச்சி புருஷனை எதிரே உட்கார வைத்து, தேன் ஒழுகப் பேச வேண்டும். அவன் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டால் தங்கச்சி தப்பிப்பாள். இல்லாவிட்டால் செத்துப்போவாள். அவ்வளவுதான் கணக்கு.

மாப்பிள்ளை கிரேன் ஓட்டுகிறவன். ஆளைப் பார்த்தால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சிரித்த முகம், வெளுத்த சட்டை, வார்த்தைக்கு வார்த்தை 'அக்கா'. வீட்டுக்குள் போனால் அந்தச் சிரிப்பைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிடுவான் போலிருக்கிறது. போன மழைக்காலத்தில் தங்கச்சிக்குத் தாடை எலும்பு விட்டுப்போயிற்று. மாடிப்படியில் விழுந்துவிட்டாளாம். அந்த வீட்டுக்கு மாடிப்படியே கிடையாது ஐயா! அதற்கு முன்னால் கை. அதற்கு முன்னால் காது, அந்தப் பக்கம் இப்போதும் அவளுக்குச் சரியாகக் கேட்காது. போலீசுக்குப் போகவில்லையா என்பீர்கள். போனார்கள். 'குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்குங்க' என்று டீ வாங்கிக் கொடுத்து, புருஷனையே கூப்பிட்டுக் கையில் பிடித்துக் கொடுத்து அனுப்பினார்கள். அன்று ராத்திரிதான் அந்தக் காது.

அதற்கப்புறம் வீட்டுக்குப் பூட்டு வந்தது. வாசலில் கம்பிக் கதவு, அதற்கு இரண்டு பூட்டு. உள்ளே மரக்கதவு, அதற்கு ஒன்று. மூன்று சாவியும் அவன் இடுப்பில். 'திருட்டு பயம்க்கா' என்பான். உள்ளே பெண்டாட்டியும் நாலு வயதுக் குட்டியும். தங்கச்சியிடம் இருந்த போனை அவன் அடுப்பில் போட்டுப் பொசுக்கியிருந்தான். வேலைக்குப் போனாலும் நினைத்த நேரத்துக்கு ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான்.

பக்கத்துக் கடைச் சாவிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். "எந்தப் பூட்டா இருந்தாலும் தொறந்துடுவேன்மா. ஆனா அந்த ஆள் திடீர்னு பின்னால வந்து நிக்கக் கூடாது. எனக்கும் எலும்பு இருக்கு பாருங்க."

ஆக, அவன் எங்கேயாவது ஒரே இடத்தில் உட்கார வேண்டும். எழுந்து ஓட மனசு வராதபடி உட்கார வேண்டும். அப்படி ஒரு நாளுக்காக அக்கா காத்துக்கொண்டே இருந்தாள். காலையில் கடைப் போன் அடித்தது. தரைக்கு அடியிலிருக்கிற கீழ்த்தளத்தில் செல்போனுக்கு டவர் எடுக்காது, அதனால் எல்லாக் கடையிலும் ஒயர் போன்தான். எடுத்தால் மாப்பிள்ளை.

"அக்கா, என் பழைய கேம் செட்டு இருக்குல்ல, அதுல கோடு விழுந்துடுச்சுக்கா. மத்தியானம் கொண்டு வரேன். நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன், சரியா? அதை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது."

"வாங்க மாப்ளே, தாராளமா வாங்க," என்றாள். போனை வைத்தாள். ஓடிப்போய்ச் சாவிக்காரரைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னைக்குத்தான் அண்ணே! அவன் வந்து உக்காந்ததும் நீங்க கிளம்பிடுங்க. பஸ் ஏத்திட்டு எனக்கு ஒரு போன் அடிங்க. எந்த ஊரு பஸ்ஸுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. என் வாய் எனக்கே தெரியும்."

மாப்பிள்ளை வந்தான். பச்சைக் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி, மெத்தென்ற துணியில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். பின்பக்கம் சாவிக்காரர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சாப்பிடப் போறேன்மா," என்று படியேறிப் போனார்.

பழைய காலத்து கேம் செட். சாம்பல் நிறத்தில் செங்கல் கனம். நாலு பேட்டரி போட வேண்டும். பாசி நிறத்துத் திரையில் மேலிருந்து கட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. அந்தத் திரையில் ஏழு இடத்தில் மேலிருந்து கீழ்வரைக்கும் வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்குள் கட்டை போனால் காணாமல் போய், மறுபக்கம் வெளியே வரும்.

"எப்படி மாப்ளே ஆச்சு?"

"கை தவறி விழுந்துடுச்சுக்கா."

அக்கா பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று முனைத் திருப்புளியை எடுத்துப் பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினாள். ஓரத்துத் திருகில் என்னவோ சுற்றிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்தாள். முடி. நீளமான, லேசாகச் சுருண்ட முடி. சின்ன வயதில் அவளே எண்ணெய் வைத்து வாரிப் பின்னிவிட்ட முடி. ஸ்பீக்கர் துவாரத்தில் கறுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். பஞ்சு சிவந்தது.

கை தவறி விழுந்ததாம்! தலையைக் குறிபார்த்து வீசியிருக்கிறான், படுபாவி.

அக்கா தலையைத் தூக்கவில்லை. திருப்புளி கையில் இருந்தது. எதிரே அவன் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. எட்டினால் போதும். உச்சி முதல் உள்ளங்கால்வரை அவளுக்கு எரிந்தது. இப்போது குத்தினால் சாவானா, சாகாவிட்டால் என்ன செய்வான், நேரே வீட்டுக்குத்தான் ஓடுவான். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"துரு," என்றாள்.

"ஆமாக்கா, துருவாத்தான் இருக்கும்," என்றான் அவன், அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு. அப்புறம் செட்டின் ஓரத்தை விரலால் தடவிக் கொடுத்தான். "பாவம்க்கா. ரொம்ப வலிச்சிருக்கும்ல இதுக்கு?"

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு வேலையை விளக்க ஆரம்பித்தாள். திரைக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் அதன் வழியாகத்தான் கரண்டு போகும். அடிபட்டால் அந்தப் பட்டை அங்கங்கே தூக்கிக்கொள்ளும், தூக்கிய இடத்தில் வரிசை செத்துப்போகும். சால்டரிங் அயர்னை அளவான சூட்டில் வைத்து, பட்டை மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் பசை இளகி மறுபடி ஒட்டும், கோடு மறையும். சூடு கூடினால் திரையே கருகிப்போகும்.

"அதனால அவசரப்படக் கூடாது மாப்ளே. ஒரு கோடு வந்தா, ஆற விட்டுத்தான் அடுத்த கோடு."

"நீங்க பாத்துச் செய்ங்கக்கா. எனக்கென்ன அவசரம்? அவ எங்கயும் போயிட மாட்டா." சொல்லிவிட்டு இடுப்பைத் தட்டினான். சாவிக்கொத்து கலகலத்தது.

பேட்டரியை மறுபடி போட்டுத் திரையை எரியவிட்டு, அயர்ன் நுனியைப் பட்டையில் வைத்தாள். நொடி பொறுத்து இழுத்தாள். இடதுபக்கத்து முதல் கோடு ஒருமுறை மினுக்கிவிட்டு மறைந்தது.

"அட்ரா சக்கை!" மாப்பிள்ளை கை தட்டினான்.

அக்கா அயர்னை எடுத்து வைத்துவிட்டு, ஆறட்டும் என்றாள். டீ சொன்னாள். டீ வந்தது, குடித்தார்கள். சுத்தமாக இருக்கிற பட்டனையெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்தாள். கிரேன் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். அவன் மேற்பார்வையாளரை எப்படி மிரட்டி வைத்திருக்கிறான் என்பதைச் சொன்னான். "மேலே கொக்கியில ரெண்டு டன்னு தொங்குதுக்கா. கீழ நிக்கறவன் மரியாதையா பேசித்தானே ஆகணும்?" அக்கா சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. இரண்டாவது கோடு மறைந்தது. மூன்றாவது. மேசை ஓரத்தில் போன் ஊமையாகக் கிடந்தது. நாலாவதும் போனது.

மற்றக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுக்கு மேலே ஏறிப் போனார்கள். கீழ்த்தளம் காலியாயிற்று. காற்றை வெளியே தள்ளுகிற பெரிய மின்விசிறி மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் மூன்று கோடு. இந்த மூன்றையும் போன் வருகிறவரைக்கும் தொடவே கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். சும்மா அயர்னை மேலாக ஓட்டிக் காட்டினால் போதும், இவனுக்கு என்ன தெரியப்போகிறது?

"என்னக்கா, மூணு மக்கர் பண்ணுது?"

"பிடிவாதம் பிடிக்குது மாப்ளே. வழிக்குக் கொண்டு வந்துடலாம்."

"அப்படித்தான். பிடிவாதம் பிடிச்சா சூடு வைக்கணும்." சிரித்தான். "ஒண்ணு சொல்லவாக்கா? கோவிச்சுக்கக் கூடாது. நல்லவேளை, உங்க வாய் அவளுக்கு வரல. வந்திருந்தா கல்யாணமான வருஷமே கொன்னு பொதைச்சிருப்பேன்."

இது அவனுக்கு ஜோக். சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறான்.

அக்காவுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. உதட்டை இழுத்துக் கடித்தாள், ரத்தம் உப்புக் கரித்தது. மனசு, உயிர், மொத்த பலமும் அந்த வாயைப் பூட்டி வைப்பதிலேயே போயிற்று. கையைக் கவனிக்க ஆள் இல்லை. கையோ, எத்தனை வருஷத்துப் பழக்கமுள்ள கை! பட்டையை நடுவில் நிறுத்தினால் அந்த இடம் மறுபடி தூக்கிக்கொள்ளும், ஓரம்வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். அது தன் பாட்டுக்கு அழுத்தி, நிதானமாக, ஓரம்வரைக்கும் இழுத்துவிட்டது.

மூன்று கோடும் ஒன்றாகப் போயின. திரை பளிச்சென்று முழுசாக நின்றது. அதைப் போலச் சுத்தமான வேலையை அவள் அந்த வருஷத்தில் செய்ததில்லை.

"போச்சுடி," என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"ஆகா! கைராசின்னா இதான்க்கா!" மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டான். "மூடிக் குடுங்க, கிளம்பறேன்."

"இருங்க மாப்ளே, கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாக்கணும்."

"வீட்டுல போய் ஓட விடறேன்க்கா."

"சூடு ஆறணும்."

"வழியில ஆறட்டும்."

அவள் திருகை எடுத்து வேண்டுமென்றே கீழே போட்டாள். தேடினாள். இன்னொன்றை மாற்றி வைத்தாள். அவன் பொறுமையிழந்து திருப்புளியை அவள் கையிலிருந்து வாங்கி, சரசரவென்று எல்லாத் திருகையும் தானே முடுக்கிவிட்டான். அந்தக் கைக்கு இது எம்மாத்திரம்! துணியை விரித்துச் சுற்ற ஆரம்பித்தான். அக்கா போனைப் பார்த்தாள். அடி, அடித்துத் தொலை, என்று மனசுக்குள் அதைத் திட்டினாள். அது அடிக்கவில்லை. இங்கிருந்து வண்டியில் அவன் வீடு ரொம்ப தூரமில்லை. இப்போது போனால் நேரே வாசலில் போய் நிற்பான். சாவிக்காரர், தங்கச்சி, குட்டி, மூன்று பேரும் கையில் பையோடு அகப்படுவார்கள்.

அவள் எழுந்து கவுண்டரைச் சுற்றி வந்தாள். ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பியை எடுத்தாள். ஒரே இழுப்பு. ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையில் இடித்தது. உள்பூட்டில் சாவியைத் திருப்பி உருவினாள். தரை தேய்ந்த ஓர் இடத்தில் மட்டும் அடியில் விரல் போகிற இடைவெளி. சாவியைக் கீழே போட்டு, காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது வெளியே வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

"என்னக்கா விளையாட்டு இது?" அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"உக்காருடா," என்றாள் அக்கா.

அவன் ஷட்டரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தான். சிரிப்பு மெதுவாக வடிந்துபோனது.

"வீட்டுக்கு யாரு போயிருக்கா?"

அவன் துணியில் சுற்றிய செட்டைப் பத்திரமாக மேசை மேல் வைத்தான். அது உருண்டு விழுந்துவிடாதபடி உள்ளே தள்ளியும் வைத்தான். அப்புறம் திரும்பி அவளை அறைந்தான்.

கண்ணில் பூச்சி பறந்தது. அவள் போய்க் கண்ணாடிக் கவுண்டரில் விழுந்தாள். கண்ணாடி உடைந்து சார்ஜரும் பேட்டரியும் அவளோடு தரையில் கொட்டின. முழங்கையில் கிழித்துக்கொண்டு ரத்தம் வந்தது. வந்தால் வரட்டும். இனிமேல் வாயைக் கட்டி வைக்க வேண்டாமே! அத்தனை நேரம் உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டது.

"படியே இல்லாத வீட்டுல படியில விழுந்தாளாடா? கட்டின பொண்டாட்டி ரத்தம் உனக்குத் துருவாடா? ஒரு பொம்பளையையும் கொழந்தையையும் மூணு பூட்டுப் போட்டுப் பூட்டுனாத்தான் நீ ஆம்பளையா? த்தூ! நாய்க்குக்கூட ஒரு பூட்டுதான்டா!"

அவன் விலாவில் உதைத்தான். வார்த்தை பாதியில் நின்றது. மூச்சு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. அதற்குள் அவன் ஷட்டர் பக்கம் பாய்ந்து இரண்டு கையாலும் குத்தினான். "யாராவது இருக்கீங்களா? தொறங்க!" மின்விசிறியைத் தவிர யாரும் பதில் சொல்லவில்லை. கொக்கிக் கம்பியை ஷட்டருக்கு அடியில் விட்டு நெம்பினான். கிரேன்காரன் பலம், தகரம் மடங்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஆள் நுழைகிற வழியாகிவிடும்.

அக்கா மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அயர்ன் இன்னும் சூடாகவே அதன் ஸ்டாண்டில் நின்றது. எடுத்தாள். ஒயர் எட்டுகிற தூரம்வரைக்கும் போய், நெம்புகிற அவன் கையில், முழங்கைக்குக் கீழே, சொருகி அழுத்தினாள். அவன் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை. கம்பி கீழே விழுந்தது. பொசுங்கிய நாற்றம் எழுந்தது. அழுத்திய அயர்னை அவள் எடுக்கவே இல்லை, அவன்தான் ஒயரோடு பிடுங்கி எறிந்தான்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அவன் அவளுடைய முடியைக் கொத்தாகப் பிடித்து மேசைக்கு இழுத்துப் போனான். உதிரி சாமான் வைக்கிற மர டிராயரைத் திறந்தான். அவள் வலது கையை, அந்த நிதானமான கையை, உள்ளே வைத்து முழங்காலால் டிராயரை உதைத்து மூடினான். ஒருமுறை. இன்னொரு முறை. அவள் அலறியது அந்த மின்விசிறிச் சத்தத்தில் கரைந்துபோனது.

"எந்த ஊருக்குப் போறா?"

"எந்த ஊரு பஸ்ஸுன்னு எனக்கே தெரியாதுடா," என்றாள். உண்மையைச் சொன்னதில் அவளுக்கே ஒரு சந்தோஷம்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். ஒயர் போன் கண்ணில் பட்டது. கூட்டாளி யாரையாவது வீட்டுக்கு அனுப்பலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். கையை நீட்டினான். அவன் தொடுவதற்குள் அது அடித்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அவன் குனிந்து அவள் காதருகில், தணிந்த குரலில், திரும்ப அந்தப் பழைய மரியாதையோடு பேசினான். "அக்கா. பஸ் இல்லைன்னு சொல்லுங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம், கதவைச் சாத்திட்டு உள்ள இருன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா. குரல் மாறக் கூடாது. மாறினா ஒவ்வொரு விரலா ஒடிப்பேன்." நசுங்கிய கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினான்.

"அக்கா?" சாவிக்காரர் போனிலிருந்து தங்கச்சியின் குரல். மூச்சு வாங்கியது. "அக்கா, மூணு பூட்டும் தொறந்துட்டாருக்கா. நான் வாசல்லதான் நிக்கறேன். கால் நகர மாட்டேங்குதுக்கா. வெளிய வந்தா எங்கயோ நின்னு பாத்துட்டிருப்பாருன்னு தோணுது. அவரு எங்கக்கா? உண்மையைச் சொல்லு."

பின்னால் சாவிக்காரர், "அம்மா, சீக்கிரம்மா," என்று கெஞ்சினார். குட்டி எதற்கோ சிணுங்கியது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தன் தொண்டையிலிருந்து ஒரு முனகல் போனாலும் போச்சு, அவள் பையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அக்காவை அடிக்கிறான் என்று தெரிந்தால் அவனுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அப்படிப்பட்ட கழுதை அது.

"இங்கதான்டி இருக்காரு," என்றாள். குரல் எங்கிருந்து வந்ததோ, சாதாரணமாக வந்தது. "என் பக்கத்துலதான். கேம் ஆடிட்டிருக்காரு. பஸ்ஸு..."

மாப்பிள்ளை தலையாட்டினான்.

"பஸ்ஸு நிக்குது. ஓடு."

சுண்டுவிரல் சடக்கென்றது. எலும்பு ஒடிகிற வலி தோள்வரைக்கும் ஏறித் தொண்டையை முட்டியது. அவள் அதை இருமலாக்கினாள். இருமி இருமித் தள்ளினாள்.

"என்னக்கா ஆச்சு?"

"சால்டரிங் புகைடி. தொண்டையில ஏறிடுச்சு." கண்ணில் தண்ணீர் கொட்டியது, குரலில் கொட்டவில்லை. "குட்டிக்குச் செருப்பு போட்டியா?"

"போட்டேன்."

"தண்ணி எடுத்துக்கிட்டியா?"

"எடுத்தேன்."

அடுத்த விரல். அவள் உடைந்த கண்ணாடித் துண்டின் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டாள், வலி எங்கேயாவது வேறு பக்கம் போகட்டும் என்று. "அப்புறம் என்னடி? ஷட்டரைப் பூட்டிட்டேன். சாவி வெளியில கெடக்கு. இவரு நெனச்சாலும் வர முடியாது. என் மேல சத்தியம். காலை எடுத்து வைடி."

அவனுக்குப் பொறுமை போயிற்று. விரலை விட்டுவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். அந்தக் குரலுக்குத் தங்கச்சி எப்படி அடங்குவாள் என்று அக்காவுக்குத் தெரியும். 'உள்ள போடி' என்று ஒரு அதட்டல் போதும், அவள் புத்தி வேண்டாம் என்றாலும் கால் தானாகத் திரும்பி உள்ளே போய்விடும்.

அவன் வாயைத் திறந்தான். அக்காவின் இடது கை மேசையைத் துழாவியது. துணியோடு அந்தச் செங்கல் கனத்தைப் பற்றியது. இருந்த பலம் அத்தனையும் சேர்த்து, திறந்த வாயிலேயே அடித்தாள். பல் உடைகிற சத்தமும் திரை உடைகிற சத்தமும் சேர்ந்தே கேட்டன. அவன் மண்டியிட்டு விழுந்தான். வாயிலிருந்து ரத்தம் கோழையாக ஒழுகியது.

"அக்கா! அது என்ன சத்தம்?"

"கேம்தான்டி. தோத்துட்டாரு."

அவன் தலையைத் தூக்கினான். உளறலாக ஏதோ சொல்ல வந்தான். அவள் மறுபடியும் அடித்தாள், இந்த முறை தலையில், தங்கச்சி தலையை அவன் குறிபார்த்த மாதிரியே குறிபார்த்து. அவன் குப்புறச் சாய்ந்தான். எழவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

போனில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது. ஓரடி, நின்று, இன்னோரடி. அப்புறம் வேகமாக. "எங்கம்மா போறோம்?" என்று குட்டி கேட்டது. கம்பிக் கதவு கிறீச்சிட்டது. தெருச் சத்தம் உள்ளே வந்து நிறைந்தது. ஸ்கூட்டரைச் சாவிக்காரர் உதைத்துக் கிளப்பினார்.

"அக்கா," என்றாள் தங்கச்சி. இப்போது அழுதுகொண்டிருந்தாள். "வெளிய வந்துட்டேன்க்கா. நான் போயிட்டு வரேன்."

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய நாளிலிருந்து அவள் அப்படித்தான் சொல்லுவாள். கல்யாணமாகிப் போனபோதும் அப்படித்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அக்கா, 'போயிட்டு வாடி' என்பாள்.

"வராதடி," என்றாள் அக்கா. "போ."

ஸ்கூட்டர் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. அப்புறம் இணைப்பு அறுந்து, போன் விட்டு விட்டு ஒலிக்க ஆரம்பித்தது. அக்கா ரிசீவரை எடுக்காமல், ஸ்பீக்கரையும் அணைக்காமல் அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். எந்த ஊர் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது, தேடிப் போனால் இவன் பின்னாலேயே வருவான். குட்டி இனிமேல் எங்கேயோ வளரும். அதற்குப் பல் விழுந்து முளைப்பதை அவள் பார்க்கப்போவதில்லை.

சாப்பிடப் போனவர்கள் திரும்பிப் படியிறங்கி வருகிற பேச்சுக் குரல் கேட்டது. யாரோ மடங்கிய ஷட்டரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று தட்டினார்கள். கரண்டு அக்கா உடைந்த கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்து தங்கச்சியின் பேரைச் சொல்லி ஓவென்று அழுதாள். கை வலி அதற்கப்புறம்தான் மறுபடி தெரிந்தது.